அச்சு ஒன்று, மெஷின் நூறு: டெம்ப்ளேட் பற்றிய வாசகர் கேள்விகள்

இந்த முறை வந்த கேள்விகளில் பாதிக்கு மேல் ஒரே விஷயத்தைச் சுற்றித்தான் இருந்தன. கிளவுட்ஸ்டாக், ஓப்பன்ஸ்டாக், ப்ராக்ஸ்மாக்ஸ், வி-ஸ்பியர் என்று, வி.எம்-களை (ஒரு கணினிக்குள் மென்பொருளாகவே ஓடும் மெய்நிகர் கணினிகளை) உருவாக்கி நிர்வகிக்க ஆளுக்கு ஒரு தளம் வைத்திருக்கிறார்கள், ஆனால் டெம்ப்ளேட் என்கிற அச்சு டிஸ்க்கில் இருந்து வி.எம் உருவாக்கும்போது எல்லாரும் இடறுகிற இடங்கள் கிட்டத்தட்ட ஒன்றுதான். அதனால் மற்ற கேள்விகளை அடுத்த இதழுக்குத் தள்ளிவிட்டு இதை மட்டும் எடுத்துக்கொண்டேன். ஒரே மாதிரி வந்த கேள்விகளைச் சேர்த்துச் சுருக்கியிருக்கிறேன்.

கேள்வி: ஐ.எஸ்.ஓ, ஸ்னாப்ஷாட், பேக்கப், டெம்ப்ளேட் எல்லாமே ஒரு டிஸ்க்கின் பிரதிதானே சார்? எதற்கு இத்தனை பெயர்?

பதில்: பிரதிதான், ஆனால் ஒவ்வொன்றும் எதற்காக எடுத்தது என்று பாருங்கள். ஐ.எஸ்.ஓ என்பது நிறுவுவதற்கான வட்டு, அதை வைத்து பூட் செய்தால் மொழி என்ன, டிஸ்க்கை எப்படிப் பிரிப்பது, பாஸ்வேர்ட் என்ன என்று முதலில் இருந்து கேட்டுக்கொண்டே போகும். ஸ்னாப்ஷாட் ஓடிக்கொண்டிருக்கிற ஒரு வி.எம்-மின் ஒரு நொடியைப் பிடித்துவைப்பது. அப்டேட் சொதப்பினால் அந்த நொடிக்குத் திரும்பலாம், அவ்வளவுதான். பேக்கப் அதே மெஷினை, அதே பெயரோடு, அதே அடையாளத்தோடு, வேறு இடத்தில் பத்திரமாக வைப்பது. டெம்ப்ளேட் இதற்கு நேர் எதிர்த்திசையில் போகிறது. நிறுவல் முடிந்து தேவையான மென்பொருள் எல்லாம் ஏற்றிய ஒரு டிஸ்க்கில் இருந்து "நான் இன்ன மெஷின்" என்று சொல்லக்கூடிய அத்தனையையும் எடுத்துவிட்டு, இனி பிறக்கப்போகிற எந்த மெஷினுக்கும் பொருந்தும்படி வைப்பதுதான் டெம்ப்ளேட். கீழே வருகிற கேள்விகளில் சில, அந்த "எடுத்துவிட்டு" என்ற வேலையைச் செய்யாமல் விட்டதால் வந்தவை.

கேள்வி: கிளவுட்ஸ்டாக்கில் புது டெம்ப்ளேட் பதிவு செய்தேன். முதல் வி.எம் வர இருபது நிமிடம் ஆனது. இரண்டாவது ஒரு நிமிடத்துக்குள் வந்துவிட்டது. மறுநாள் இன்னொரு வி.எம் எடுத்தபோது மறுபடியும் இருபது நிமிடம். எங்கேயோ கோளாறு இருக்கிறதா?

பதில்: கோளாறு இல்லை, அது வேலை செய்கிற விதமே அப்படித்தான். கிளவுட்ஸ்டாக்கில் டெம்ப்ளேட்கள் இருப்பது செகண்டரி ஸ்டோரேஜில். வி.எம்-களின் டிஸ்க் ஓடுவது பிரைமரி ஸ்டோரேஜில். ஒரு டெம்ப்ளேட்டில் இருந்து முதல் வி.எம் கேட்கும்போது அந்த முழு டிஸ்க்கும் செகண்டரியில் இருந்து பிரைமரிக்கு நகலெடுக்கப்படுகிறது. அதற்கு அப்புறம் வருகிற வி.எம்-கள் அங்கே ஏற்கெனவே இருக்கும் பிரதியின் மேல் ஒரு மெல்லிய அடுக்கைப் போட்டுக்கொண்டு எழுந்துவிடும், லினக்ஸில் வி.எம்-களை ஓட்டும் கே.வி.எம்-மில் அடியில் இருக்கும் அந்தப் பிரதியை பேக்கிங் ஃபைல் என்பார்கள்.

சரி, மறுநாள் ஏன் திரும்பவும் தாமதம்? இரண்டு காரணங்களில் ஒன்றாக இருக்கும். அந்த வி.எம் வேறு கிளஸ்டரில் (வி.எம்-களை ஓட்டும் சர்வர்களான ஹோஸ்ட்களின் தொகுதியில்), வேறு பிரைமரி ஸ்டோரேஜில் போய் விழுந்திருக்கலாம், ஒவ்வொரு பிரைமரி ஸ்டோரேஜுக்கும் தனித்தனியாக ஒரு முதல் பிரதி வேண்டும். அல்லது முந்தைய நாள் எடுத்த இரண்டு வி.எம்-களையும் நீங்கள் அழித்திருக்கலாம், யாரும் பயன்படுத்தாத பிரதியைத் துப்புரவு வேலை பிரைமரியில் இருந்து நீக்கிவிடும். அப்போது கணக்கு மறுபடி முதலில் இருந்து தொடங்கும்.

ஓப்பன்ஸ்டாக்கிலும் கதை இதேதான், இடம் மட்டும் மாறும்: கிளான்ஸ் என்ற சேமிப்புச் சேவையில் இருக்கும் இமேஜ் (டெம்ப்ளேட்டுக்கு அங்கே அந்தப் பெயர்), வி.எம்-களை ஓட்டும் ஒரு கம்ப்யூட் ஹோஸ்ட்டில் முதல் முறை தேவைப்படும்போது அந்த ஹோஸ்ட்டின் சொந்த டிஸ்க்குக்கு இறங்கும். கிளான்ஸும், வி.எம்-களை உருவாக்கும் நோவாவும் செஃப் என்கிற பகிர்ந்த ஸ்டோரேஜின் ஒரே கிளஸ்டரில் இருந்தால் இந்த நகல் வேலையே இல்லாமல் நொடியில் குளோன் ஆகும், ஆனால் அதற்கு இமேஜ், டிஸ்க்கை உள்ளபடியே வைக்கும் ரா வடிவத்தில் இருக்க வேண்டும். கே.வி.எம்-மின் வழக்கமான டிஸ்க் வடிவமான க்யூகவ்2-வில் ஏற்றிவிட்டு "செஃப் போட்டும் வேகம் வரவில்லையே" என்று கேட்பவர்களை நான் அடிக்கடி பார்க்கிறேன்.

உங்கள் இருபது நிமிடத்தைக் குறைக்க ஒரு வழி இருக்கிறது. 1 கிகாபிட் நெட்வொர்க்கில் நொடிக்கு அதிகபட்சம் 125 எம்.பி போகும், அந்தக் கணக்கில் 40 ஜி.பி டெம்ப்ளேட்டுக்கு எல்லாம் ஒழுங்காக இருந்தாலே 5 நிமிடத்துக்கு மேல் ஆகும். பெரும்பாலான லினக்ஸ் டெம்ப்ளேட்டில் உண்மையான சரக்கு 2 அல்லது 3 ஜி.பி-தான் இருக்கும், மீதி எல்லாம் எப்போதோ எழுதி அழித்த கோப்புகளின் மிச்சம். டெம்ப்ளேட் ஆக்குவதற்கு முன் பேக்கேஜ் கேஷைக் காலிசெய்து, டிஸ்க்கை அணைத்த நிலையில் விர்ட்-ஸ்பார்சிஃபை கருவியால் சுருக்குங்கள். பெரிய டிஸ்க் வேண்டுமென்றால் வி.எம் உருவாக்கும்போது கேட்டுக்கொள்ளலாம், டெம்ப்ளேட்டிலேயே 100 ஜி.பி வைக்காதீர்கள், ஏனென்றால் டெம்ப்ளேட்டை விடச் சின்ன ரூட் டிஸ்க்கோடு வி.எம் எடுக்கத் தளம் விடாது.

கேள்வி: ஓடிக்கொண்டிருக்கிற வி.எம்-மை நிறுத்தாமலே டெம்ப்ளேட்டாக எடுக்கலாமா?

பதில்: சில தளங்கள் அனுமதிக்கும். நான் செய்யமாட்டேன். பாதி எழுதிய கோப்பு, திறந்திருக்கும் டேட்டாபேஸ், பூட்டுக் கோப்புகள் எல்லாம் டெம்ப்ளேட்டுக்குள் போய் உட்கார்ந்துகொள்ளும், அந்தப் பழுது நூறு மெஷினிலும் வரும். குளோன் எடுத்து, அந்தக் குளோனைத் துடைத்து, அணைத்து, அதில் இருந்து டெம்ப்ளேட் செய்யுங்கள்.

கேள்வி: ப்ராக்ஸ்மாக்ஸில் உபுண்டு சர்வர் டெம்ப்ளேட் ஒன்று செய்து மூன்று வி.எம் எடுத்தேன். மேக் முகவரி (நெட்வொர்க் கார்டின் அடையாள எண்) மூன்றுக்கும் வேறு வேறு, கண்ணால் பார்த்துவிட்டேன். ஆனால் மூன்றும் ஒரே ஐ.பி-யோடு எழுகின்றன. ஐ.பி கொடுக்கும் டி.ஹெச்.சி.பி சர்வரை மூன்று முறை மாற்றிப் பார்த்தாயிற்று. இரண்டு நாளாகத் தூக்கமில்லை.

பதில்: டி.ஹெச்.சி.பி சர்வரை விட்டுவிடுங்கள், அது சரியாகத்தான் வேலை செய்கிறது. பிரச்சினை மெஷின்-ஐடி என்கிற ஒரே ஒரு சின்னக் கோப்பில். ஈடிசி கோப்பகத்துக்குள் இருக்கும், உள்ளே 32 எழுத்தில் ஓர் அடையாளம், அவ்வளவுதான். சேவைகளைத் தொடங்கி நிர்வகிக்கும் சிஸ்டம்டி உள்ள எல்லா லினக்ஸிலும் இது உண்டு. நிறுவும்போது ஒரு முறை உருவாகி அந்த மெஷினின் ஆயுள் முழுக்க மாறாமல் இருக்க வேண்டிய எண் அது.

உபுண்டு சர்வரில் 18.04-இல் இருந்து நெட்வொர்க்கைப் பார்த்துக்கொள்வது நெட்பிளானும் அதன் அடியில் சிஸ்டம்டி-நெட்வொர்க்டி-யும். இது ஐ.பி கேட்கும்போது "என் மேக் முகவரி இது" என்பதோடு நிற்காமல், மெஷின்-ஐடியில் இருந்து கணக்கிட்ட ஓர் அடையாளத்தையும் அனுப்புகிறது. டி.ஹெச்.சி.பி விதிப்படி அந்த அடையாளம் வந்தால் சர்வர் அதைத்தான் பார்க்க வேண்டும். மூன்று மெஷினும் ஒரே அடையாளத்தைக் காட்டினால் சர்வரின் கண்ணுக்கு மூன்றும் ஒரே மெஷின், அதனால் ஒரே ஐ.பி-யை மூன்று முறை கொடுக்கிறது. நீங்கள் மேக் முகவரியைப் பார்த்துக்கொண்டே இருந்தால் இது தெரியவே தெரியாது.

டெம்ப்ளேட் ஆக்கப்போகும் வி.எம்-மில் அந்தக் கோப்பைக் காலியாக்குங்கள். கோப்பையே நீக்க வேண்டாம், உள்ளடக்கத்தை மட்டும் பூஜ்ஜியம் பைட்டுக்குக் கொண்டுவாருங்கள். டி-பஸ் கோப்பகத்தில் இதே பெயரில் இன்னொன்று இருக்கும், அது முதல் கோப்பைச் சுட்டும் இணைப்பாக மட்டும் இருக்கிறதா என்று பாருங்கள், தனிக் கோப்பாக இருந்தால் அதையும் கவனிக்க வேண்டும். அடுத்த பூட்டில் ஒவ்வொரு வி.எம்-மும் தனக்கென ஒன்றை உருவாக்கிக்கொள்ளும்.

இதில் எல்லாரும் செய்கிற ஒரு தவறு: காலியாக்கி, அணைத்து, "ஒரு தடவை சரியாக எழுகிறதா பார்த்துவிடுவோம்" என்று பூட் செய்து பார்ப்பது. அந்த ஒரு பூட்டில் கோப்பு மறுபடி நிரம்பிவிடும். துடைத்த பிறகு அணைப்பதுதான் கடைசி வேலை. சோதிக்க வேண்டுமானால் டெம்ப்ளேட்டில் இருந்து ஒரு வி.எம் எடுத்து அதைச் சோதியுங்கள். ஒன்றல்ல, இரண்டு எடுங்கள், அடையாளம் தொடர்பான எந்தக் கோளாறும் ஒரு வி.எம்-மை மட்டும் பார்த்தால் தெரியாது.

கிளவுட்ஸ்டாக், ஓப்பன்ஸ்டாக் போன்றவற்றில் தளமே மேக் முகவரியை வைத்து ஐ.பி-யைத் தீர்மானிப்பதால் இந்தக் கோளாறு பெரும்பாலும் வெளியே தெரியாது. அதற்காக அங்கே விட்டுவிடாதீர்கள். சிஸ்டம்டி எழுதும் ஜர்னல் பதிவுகள் இந்த எண்ணின் பெயரில்தான் சேமிக்கப்படுகின்றன, எல்லா மெஷின்களின் பதிவுகளையும் ஓர் இடத்தில் சேர்க்கும் அமைப்புகள் சில இதை நம்பித்தான் பிரிக்கின்றன. நான் முன்பு வேலை பார்த்த ஓர் இடத்தில், கண்காணிப்பு ஏஜென்ட்டின் அடையாளத்தை டெம்ப்ளேட்டுக்குள்ளேயே வைத்துவிட்டோம். பன்னிரண்டு மெஷின் திரையில் ஒரே மெஷினாகத் தெரிந்தது. கடைசியாகத் தகவல் அனுப்பிய மெஷினின் நிலைதான் திரையில் நிற்கும் என்பதால், அதில் ஒன்றின் டிஸ்க் நிரம்பி நின்றுபோனது இரவு முழுக்க யாருக்கும் தெரியவில்லை. அந்த இரவுக்குப் பிறகுதான் நான் இந்தத் துடைக்கிற வேலையை ஸ்கிரிப்ட்டாக எழுதி வைத்தேன், நினைவை நம்புவதை விட்டேன்.

கேள்வி: ஐந்து வி.எம்-களில் எஸ்.எஸ்.ஹெச் (தூரத்தில் இருந்து மெஷினுக்குள் நுழையும் வழி) ஹோஸ்ட் கீயின் கைரேகை ஒன்றாகவே இருக்கிறது. எச்சரிக்கை எதுவும் வருவதில்லை. இது பரவாயில்லையா? வேறு என்னவெல்லாம் துடைக்க வேண்டும்?

பதில்: எச்சரிக்கை வராததுதான் இதில் ஆபத்து. ஹோஸ்ட் கீ என்பது "நீ உண்மையிலேயே அந்த மெஷினோடுதான் பேசுகிறாய்" என்பதற்கான சான்று. ஐந்துக்கும் ஒரே ரகசியச் சாவி என்றால், ஐந்தில் ஏதாவது ஒன்றில் ரூட் உரிமை கிடைத்தவர் மற்ற நான்காகவும் வேஷம் போடலாம். சோதனைக்காக யாருக்கோ கொடுத்த வி.எம்-மில் இருக்கும் சாவியும் உங்கள் டேட்டாபேஸ் சர்வரின் சாவியும் ஒன்று என்று நினைத்துப் பாருங்கள்.

டெம்ப்ளேட்டில் ஹோஸ்ட் கீ கோப்புகளை நீக்கிவிடுங்கள். கிளவுட்-இனிட் (வி.எம்-மை முதல் பூட்டில் தயார்செய்யும் நிரல்) இருந்தால் புது வி.எம் எழும்போது புதிதாக உருவாக்கிவிடும். ரெட் ஹேட் வகைகளில் எஸ்.எஸ்.ஹெச் சேவையே தொடங்கும்போது பார்த்துக்கொள்ளும். ஆனால் கிளவுட்-இனிட் இல்லாத டெபியனில் சாவியை நீக்கினால் எஸ்.எஸ்.ஹெச் எழவே எழாது, முதல் பூட்டில் சாவி உருவாக்கும் ஒரு சின்ன சேவையை நீங்களே எழுதி வைக்க வேண்டும்.

மற்றவை: கட்டளை வரலாறு, பதிவுகள், உங்கள் சொந்த எஸ்.எஸ்.ஹெச் பொதுச் சாவி, ரேண்டம் சீட் கோப்பு (தற்செயல் எண்களுக்கான விதை), கண்காணிப்பு மற்றும் உள்ளமைவு ஏஜென்ட்களின் அடையாளமும் சான்றிதழும், கிளவுட்-இனிட் தன் பழைய நினைவாக வைத்திருக்கும் கோப்பகம். அப்புறம் நெட்பிளான் கோப்பில் பழைய மேக் முகவரி பதிந்திருக்கிறதா என்று அவசியம் பாருங்கள், இருந்தால் புது வி.எம்-முக்கு நெட்வொர்க்கே வராது. இத்தனையையும் கையால் செய்ய வேண்டியதில்லை, லிப்கெஸ்ட்எஃப்எஸ் கருவிகளில் ஒன்றான விர்ட்-சிஸ்ப்ரெப் பெரும்பகுதியைச் செய்துவிடும். அணைத்த டிஸ்க்கின் மேல் மட்டும் ஓட்டுங்கள், ஓடிக்கொண்டிருக்கும் வி.எம்-மின் டிஸ்க்கில் ஓட்டினால் ஃபைல்சிஸ்டம் கெட்டுவிடும்.

கேள்வி: விண்டோஸுக்கு சிஸ்ப்ரெப் (குளோன் செய்யும் முன் அடையாளங்களைத் துடைக்கும் மைக்ரோசாஃப்ட் கருவி) தேவையே இல்லை, எஸ்.ஐ.டி (விண்டோஸ் மெஷினின் பாதுகாப்பு அடையாள எண்) ஒன்றாக இருந்தால் ஒன்றும் ஆகாது என்று எங்கள் மூத்த நிர்வாகி சொல்கிறார். மைக்ரோசாஃப்ட்காரரே அப்படி எழுதியிருக்கிறார் என்கிறார். உண்மையா?

பதில்: அவர் சொல்வது 2009-இல் இருந்து வருகிறது. மைக்ரோசாஃப்டின் மார்க் ருஸினோவிச் அந்த ஆண்டு நவம்பரில், மெஷின் எஸ்.ஐ.டி ஒன்றாக இருப்பதால் பாதுகாப்புக் கேடு வரும் என்பது வெறும் நம்பிக்கை என்று விளக்கி, எஸ்.ஐ.டி-யை மாற்றித்தரும் தன்னுடைய நியூசிட் கருவியையே நிறுத்தினார். அது நேர்மையான, நல்ல விளக்கம். ஆனால் சிஸ்ப்ரெப் வேண்டாம் என்று அவர் சொல்லவில்லை. சிஸ்ப்ரெப் எஸ்.ஐ.டி தவிர வேறு பலவற்றையும் புதுப்பிக்கிறது, குளோன் செய்த விண்டோஸை சிஸ்ப்ரெப் செய்திருந்தால் மட்டுமே மைக்ரோசாஃப்ட் ஆதரவு தரும். அப்டேட்களை நிறுவனத்துக்குள் வினியோகிக்கும் டபிள்யூ.எஸ்.யு.எஸ் சர்வரில் இருபது மெஷினும் ஒன்றாகத் தெரிவது ஓர் உதாரணம், அங்கே மாட்டிக்கொள்வது எஸ்.ஐ.டி அல்ல, அப்டேட் கிளையன்ட்டின் தனி அடையாளம்.

இப்போது நிலைமையும் மாறிவிட்டது. 2025 ஆகஸ்ட் 29 முதல் வந்த அப்டேட்களோடு விண்டோஸ் 11-இன் 24ஹெச்2, 25ஹெச்2 பதிப்புகளும் விண்டோஸ் சர்வர் 2025-உம் எஸ்.ஐ.டி-யைக் கூடுதலாகச் சோதிக்கின்றன. ஒரே எஸ்.ஐ.டி உள்ள இரண்டு மெஷின்களுக்கு இடையே கெர்பரோஸ், என்.டி.எல்.எம் என்கிற இரண்டு உள்நுழைவுச் சோதனைகளும் தோற்றுப்போகின்றன. பகிர்ந்த கோப்புறை திறக்காது, ரிமோட் டெஸ்க்டாப் உள்ளே விடாது, பாஸ்வேர்ட் சரியாக இருந்தும் தவறு என்று வரும். உங்கள் நிர்வாகியிடம் இதைக் காட்டுங்கள், இத்தனை வருட அனுபவம் உள்ளவர் புரிந்துகொள்வார்.

ஒரு குறிப்பு: வி-ஸ்பியரில் கஸ்டமைசேஷன் ஸ்பெசிஃபிகேஷன் (புது வி.எம்-முக்கான அமைப்புகளின் பட்டியல்) கொடுத்து வி.எம் எடுக்கிறீர்கள் என்றால் அதுவே சிஸ்ப்ரெப்பை ஓட்டிவிடும், டெம்ப்ளேட்டில் முன்கூட்டியே ஓட்ட வேண்டாம். ஓப்பன்ஸ்டாக், கிளவுட்ஸ்டாக் என்றால் விண்டோஸில் கிளவுட்-இனிட்டின் வேலையைச் செய்யும் கிளவுட்பேஸ்-இனிட்டை நிறுவி, நீங்களே சிஸ்ப்ரெப்பில் ஜெனரலைஸ் (அடையாளங்களை நீக்குதல்) செய்து அணைக்க வேண்டும். சிஸ்ப்ரெப் பாதியில் தோற்றால் பெரும்பாலும் காரணம் ஸ்டோர் செயலி ஒன்று ஒரு பயனருக்கு மட்டும் தன்னை அப்டேட் செய்துகொண்டதாக இருக்கும், அதன் பதிவுக் கோப்பிலேயே அந்தச் செயலியின் பெயர் இருக்கும். டெம்ப்ளேட் கட்டி முடியும்வரை விண்டோஸுக்கு இணையத்தைக் கொடுக்காமல் இருந்தால் இந்தத் தொல்லை வராது.

கேள்வி: வி.எம் எடுக்கும்போது 100 ஜி.பி டிஸ்க் கேட்டேன். தளத்தில் 100 என்றே காட்டுகிறது. உள்ளே போய்ப் பார்த்தால் 10 ஜி.பி. மீதி 90 எங்கே?

பதில்: டிஸ்க்கின் கடைசியில், யாரும் தொடாமல் இருக்கிறது. தளம் டிஸ்க்கைத்தான் பெரிதாக்கும், உள்ளே இருக்கும் பார்ட்டிஷனையும் ஃபைல்சிஸ்டத்தையும் நீட்டுவது வி.எம்-மின் வேலை. கிளவுட்-இனிட்டும் குரோபார்ட் கருவியும் டெம்ப்ளேட்டில் இருந்தால் முதல் பூட்டிலேயே நடந்துவிடும்.

கிளவுட்-இனிட் இருந்தும் நீளவில்லை என்றால், பார்ட்டிஷன் வரிசையைப் பாருங்கள். ஐ.எஸ்.ஓ வைத்துக் கையால் நிறுவியவர்கள் ரூட் பார்ட்டிஷனுக்குப் பின்னால் ஸ்வாப் பார்ட்டிஷன் (மெமரி போதாதபோது பயன்படும் டிஸ்க் பகுதி) வைத்திருப்பார்கள். ரூட் நீள வேண்டிய வழியில் ஸ்வாப் உட்கார்ந்திருக்கும்போது அது எங்கே நீளும்? டெம்ப்ளேட் கட்டும்போது ரூட்டைக் கடைசி பார்ட்டிஷனாக வையுங்கள், ஸ்வாப் வேண்டுமென்றால் கோப்பாக வைத்துக்கொள்ளுங்கள். டிஸ்க் இடத்தை அடுக்கடுக்காக நிர்வகிக்கும் எல்.வி.எம் போட்டிருந்தால் தானாக நீளும் என்று எதிர்பார்க்காதீர்கள், பிசிக்கல் வால்யூம், லாஜிக்கல் வால்யூம், ஃபைல்சிஸ்டம் என்று மூன்றையும் வரிசையாக நீட்ட ஒரு ஸ்கிரிப்ட் வேண்டும்.

கேள்வி: டாஷ்போர்டில் 48 ஜி.பி மெமரி காலி என்கிறது. 16 ஜி.பி வி.எம் கேட்டால் கொள்ளளவு போதவில்லை என்று தோற்கிறது. டெம்ப்ளேட்டில் தவறா?

பதில்: டெம்ப்ளேட்டில் தவறு இருக்க வாய்ப்பு குறைவு, ஆனாலும் கடைசியில் அதையும் பார்ப்போம். 48 என்பது எத்தனை ஹோஸ்ட்களின் கூட்டல்? நான்கு ஹோஸ்ட்டில் தலா 12 காலி என்றாலும் 48 வரும், ஆனால் ஒரு வி.எம் ஒரே ஹோஸ்ட்டில்தான் உட்கார முடியும், 16 எங்கேயும் இல்லை. இரண்டாவது, கிளவுட்ஸ்டாக்கில் ஒரு கிளஸ்டரின் மெமரி ஒதுக்கீடு 85 சதவீதத்தைத் தொட்டால் அதற்குமேல் புது வி.எம் போடுவதை நிறுத்திவிடும், மாற்றாமல் விட்டிருந்தால் அதுதான் இயல்பு மதிப்பு. சி.பி.யு-வுக்கும் ஸ்டோரேஜுக்கும் இதேபோல எல்லை உண்டு. ஆகவே திரையில் காலியாகத் தெரியும் கடைசி 15 சதவீதத்தைக் கணக்கில் சேர்க்கவே சேர்க்காதீர்கள்.

அதுவும் இல்லை என்றால்தான் டெம்ப்ளேட். வி.எம்வேருக்கான (வி-ஸ்பியரை உருவாக்கிய நிறுவனம்) ஓ.வி.ஏ வடிவ டெம்ப்ளேட்டை வைத்துக் கே.வி.எம் ஹோஸ்ட்டில் வி.எம் எழுப்ப முடியாது, அதற்குப் பொருத்தமான ஹோஸ்ட் இல்லை என்றால் தளம் இதே கொள்ளளவுப் பிழையைத்தான் காட்டும். டெம்ப்ளேட்டுக்கோ வி.எம்-மின் அளவைச் சொல்லும் சர்வீஸ் ஆஃபரிங்குக்கோ கொடுத்த டேக் எந்த ஹோஸ்ட்டிலும் இல்லை என்றாலும் அப்படியே. திரையில் வரும் ஒற்றை வரிப் பிழையை நம்பி முடிவுக்கு வராமல் மேனேஜ்மென்ட் சர்வரின் பதிவைத் திறந்து பாருங்கள், எந்த ஹோஸ்ட்டை எதற்காக நிராகரித்தது என்று ஒவ்வொன்றாக எழுதியிருக்கும்.

கேள்வி: லிங்க்டு குளோன், ஃபுல் குளோன், எது நல்லது?

பதில்: லிங்க்டு குளோன் டெம்ப்ளேட்டின் டிஸ்க் மேல் சாய்ந்து நிற்கும், ஃபுல் குளோன் முழுப் பிரதியைத் தனியாக வைத்துக்கொள்ளும். எவ்வளவு நாள் வாழப்போகிற மெஷின் என்று சொல்லுங்கள். சோதனை, பயிற்சி, நாளைக்கே அழிக்கப்போகிற மெஷின் என்றால் லிங்க்டு. 20 ஜி.பி டெம்ப்ளேட்டில் பத்து ஃபுல் குளோன் 200 ஜி.பி எடுக்கும், லிங்க்டு என்றால் அந்த 20-உம் ஒவ்வொன்றும் புதிதாக எழுதியதும் மட்டும்தான். ஆனால் ஓர் ஆண்டு ஓடுகிற சர்வர், மாதா மாதம் அப்டேட் வாங்கி வாங்கி மொத்தத்தையும் தன் பங்குக்கு மறுபடி எழுதிவிடும், மிச்சம் பிடித்த இடம் கரைந்துபோகும், அடிப்படை டிஸ்க்கைச் சார்ந்திருக்கும் கட்டு மட்டும் மிஞ்சும். அந்த அடிப்படை டிஸ்க் கெட்டால் அதன்மேல் நிற்கும் எல்லாம் விழும். டேட்டாபேஸுக்கு நான் எப்போதும் ஃபுல் குளோன்தான்.

கேள்வி: எல்லா வி.எம்-முக்கும் ஒரே ரூட் பாஸ்வேர்டை டெம்ப்ளேட்டில் வைத்திருக்கிறோம். யூசர் டேட்டாவில் போடலாம் என்கிறார் நண்பர். அது பாதுகாப்பானதா?

பதில்: இரண்டும் வேண்டாம். டெம்ப்ளேட்டில் பாஸ்வேர்ட் இருந்தால் அது டெம்ப்ளேட்டை எடுக்கக்கூடிய எல்லாருக்கும் தெரிந்த பாஸ்வேர்ட், ஒருவர் வேலையை விட்டுப் போனால் அத்தனை மெஷினிலும் மாற்ற வேண்டும். யூசர் டேட்டா என்பது வி.எம் எடுக்கும்போது நீங்கள் கொடுக்கும் குறிப்புகள், 169.254.169.254 போன்ற ஒரு முகவரியில் இருந்தோ, கான்ஃபிக் டிரைவ் என்று தளம் இணைத்துத் தரும் சின்ன டிஸ்க்கில் இருந்தோ வி.எம் அதைப் படித்துக்கொள்ளும். அந்த முகவரியை வி.எம்-முக்குள் ஓடும் எந்த நிரலும் கேட்டுப் படிக்கலாம், உங்கள் வெப் அப்ளிகேஷன் உட்பட. ரகசியத்துக்கு அது இடமே இல்லை.

பாஸ்வேர்ட் இல்லாமல் விடுங்கள். எஸ்.எஸ்.ஹெச் பொதுச் சாவியை மட்டும் யூசர் டேட்டாவில் கொடுங்கள், பொதுச் சாவி வெளியே தெரிந்தாலும் கெடுதல் இல்லை. பாஸ்வேர்ட்தான் வேண்டும் என்றால் கிளவுட்ஸ்டாக்கில் டெம்ப்ளேட்டைப் பதியும்போது பாஸ்வேர்ட் வசதி உண்டு என்று குறிக்கலாம், ஒவ்வொரு வி.எம்-முக்கும் தளமே தனித்தனியாக ஒன்றை உருவாக்கித் தரும். அதை வாங்கிப் பொருத்தும் ஸ்கிரிப்ட்டோ கிளவுட்-இனிட்டோ டெம்ப்ளேட்டுக்குள் இருக்க வேண்டும், இல்லாவிட்டால் திரையில் வரும் பாஸ்வேர்ட் உள்ளே வேலை செய்யாது.

யூசர் டேட்டா பற்றி இன்னொன்று. கிளவுட்-இனிட்டின் கிளவுட்-கான்ஃபிக் வடிவத்தில் எழுதினால் முதல் வரியில் ஹேஷ் குறியோடு அந்தப் பெயர் இருக்க வேண்டும், அது இல்லை என்றால் கீழே நீங்கள் எழுதிய எதுவும் நடக்காது. பெரும்பாலான கட்டளைகள் வி.எம்-மின் முதல் பூட்டில் ஒரே முறைதான் ஓடும், திருத்திவிட்டு ரீபூட் செய்து காத்திருந்தால் ஒன்றும் மாறாது, புது வி.எம் எடுத்துத்தான் பார்க்க வேண்டும்.

கேள்வி: வி.எம்வேரில் இருக்கும் டெம்ப்ளேட்களைக் கே.வி.எம்-முக்குக் கொண்டுபோக வேண்டும். டிஸ்க்கை க்யூகவ்2 ஆக மாற்றினேன், பூட் ஆகவில்லை.

பதில்: 2023 நவம்பரில் பிராட்காம் வி.எம்வேரை வாங்கியதில் இருந்து இந்தக் கேள்வி எல்லாப் பக்கமும் கேட்கிறது. டிஸ்க்கின் வடிவத்தை மாற்றுவது வேலையில் கால்வாசிதான். விண்டோஸுக்குள், கே.வி.எம்-மின் விர்ட்ஐஓ வகை டிஸ்க்கைப் படிக்கும் டிரைவர் இல்லாவிட்டால் தன் டிஸ்க்கையே அதனால் பார்க்க முடியாது, நீலத் திரையில் நின்றுவிடும். சில லினக்ஸ்களிலும் இனிட்ராம்எஃப்எஸ் (பூட்டின் தொடக்கத்தில் ரூட் டிஸ்க்கைக் கண்டுபிடிக்கும் சின்ன அமைப்பு) அந்தப் பழைய ஹார்டுவேருக்கு மட்டும் கட்டப்பட்டிருக்கும், ரூட் டிஸ்க்கைத் தேடித் தேடி அவசர ஷெல்லில் போய் நிற்கும். எழுந்தாலும் நெட்வொர்க் கார்டின் பெயர் மாறியிருக்கும், பழைய பெயருக்கு எழுதிய உள்ளமைவு பயன்படாது. யூ.இ.எஃப்.ஐ என்ற புதிய பூட் முறையில் நிறுவியதைப் பழைய பயாஸ் முறையில் எழுப்ப முயன்றாலும் எழாது. விர்ட்-வி2வி கருவி டிரைவர்களையும் சேர்த்து மாற்றித்தரும், ஓடும் வி.எம்-களுக்கு அதைப் பயன்படுத்துங்கள். டெம்ப்ளேட்களுக்கு என் ஆலோசனை வேறு: மாற்றாதீர்கள், புதிதாகக் கட்டுங்கள். பல வருடக் குப்பையோடு ஓர் அச்சை இடம் மாற்ற இவ்வளவு பாடுபடுவதற்குப் பதில், லினக்ஸ் விநியோகங்கள் வெளியிடும் அதிகாரப்பூர்வ கிளவுட் இமேஜில் இருந்து தொடங்கினால் ஒரே நாளில் முடிந்துவிடும்.

கேள்வி: டெம்ப்ளேட்டைப் புதுப்பித்துவிட்டேன். பழைய வி.எம்-களில் அந்த மாற்றம் ஏன் வரவில்லை? எத்தனை நாளுக்கு ஒரு முறை புதுப்பிக்க வேண்டும்?

பதில்: வராது. பிறந்த பிறகு வி.எம் தன் வழியில் போய்விடும், அதற்கு அப்டேட் கொடுப்பது தனி வேலை. இது தலைகீழாகவும் உண்மை என்பதைத்தான் பலரும் மறந்துவிடுகிறார்கள். 2021 டிசம்பரில், ஜாவா நிரல்கள் பயன்படுத்தும் லாக்4ஜே தொகுப்பில் இருந்த பாதுகாப்பு ஓட்டை வெளியானபோது, ஓடிக்கொண்டிருந்த மெஷின்களை எல்லாம் இரவு பகலாகச் சரிசெய்து முடித்த ஒரு குழுவோடு நானும் இருந்தேன். மூன்று வாரம் கழித்து எடுத்த புது வி.எம்-மில் அதே ஓட்டை. டெம்ப்ளேட்டுக்குள் பழைய கோப்பு அப்படியே இருந்தது, அதைத் தொட வேண்டும் என்று எங்களில் ஒருவருக்கும் தோன்றவில்லை.

மாதம் ஒரு முறையாவது கட்டுங்கள், பெரிய ஓட்டை ஏதாவது வந்தால் அன்றே. பழைய டெம்ப்ளேட்டைத் திறந்து, அப்டேட் செய்து, மறுபடி மூடுவதாகச் செய்யாதீர்கள், நான்கு மாதத்தில் உள்ளே என்ன இருக்கிறது என்று ஒருவருக்கும் தெரியாது. பேக்கர் என்று ஒரு கருவி 2013-இல் இருந்து இருக்கிறது, எதை நிறுவ வேண்டும், எதைத் துடைக்க வேண்டும் என்று ஒரு கோப்பில் எழுதிவைத்தால் ஒவ்வொரு முறையும் காலி டிஸ்க்கில் இருந்து அதுவே கட்டித்தரும். பெயரில் தேதி போடுங்கள், "புதியது", "கடைசி", "உண்மையான கடைசி" என்றெல்லாம் வைக்காதீர்கள். புது டெம்ப்ளேட்டில் இருந்து இரண்டு வி.எம் எடுத்து, மெஷின்-ஐடி, ஹோஸ்ட் கீ, ஐ.பி மூன்றும் இரண்டுக்கும் வேறு வேறு என்று பார்த்துவிட்டு, அப்புறம் பழையதைப் பட்டியலில் இருந்து மறையுங்கள். உடனே அழிக்க வேண்டாம், லிங்க்டு குளோன் ஏதாவது அதன்மேல் நிற்கிறதா என்று தேடிப் பார்த்து, ஒன்றும் இல்லை என்று உறுதியான பிறகு அழியுங்கள்.